வாடிக்கைக்குப் போக மிச்சம்

எங்க மங்கை அக்கா வீட்டுக்குக் காலையில வந்து உட்கார்ந்தீங்கன்னா உங்களுக்குக் கடுங்காப்பிதான் கிடைக்கும். கொல்லையில ரெண்டு மாடு கட்டியிருக்கும். கொட்டகைச் சுவத்துல பால் கேன் கவுத்து வச்சிருக்கும். சாணி வாசனை கூடம் வரைக்கும் வரும். காப்பி மட்டும் கருப்பா வரும். புதுசா வர்றவங்க டம்ளரைப் பார்ப்பாங்க, கேனைப் பார்ப்பாங்க, அப்புறம் அக்கா மூஞ்சியைப் பார்ப்பாங்க. அக்கா அசராது. "பால் காப்பி பித்தமுங்க, இதுதான் ஒடம்புக்கு நல்லது"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடும்.

பித்தமாவது மண்ணாவது! நான் அந்த வீட்டுக்கு எளைய மருமக. பேரு தமயந்தி. அக்கா மூத்த மருமக, முழுப்பேரு மங்கையர்க்கரசி. திருநள்ளாத்துப் பக்கம் சுரக்குடியில ஒரே மனையை நடுவுல கிளுவ வேலி போட்டுப் பிரிச்சு, அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. வேலிதான் நடுவுல, மத்தபடி அங்க தும்முனா இங்க கேக்கும். அந்த வீட்டுப் பால் எந்தெந்த வாய்க்குப் போவுதுன்னு என்னைய விட யாருக்குத் தெரியும்?

கறக்குறதுக்கு முன்னாடியே பாலுக்கு வழி போட்டு வச்சிருக்கும் அக்கா. முதல்ல முக்கத்துல இருக்குற செல்லையன் டீக்கடை. அப்புறம் தலத்தெருவுல ஆர்லெத் மதாம் வீடு, அங்க நாந்தான் அக்காவை என் வண்டியில கொண்டு போய் விடுவேன். அந்தம்மா வீட்டுக்காரர் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குனவரு, இப்ப இல்ல. புள்ளைங்க எல்லாம் பாரீஸ். அந்தம்மாவுக்கு மாட்டுப் பால்தான் வேணும், அதுவும் கடைசியா கறக்குற கெட்டிப் பால். மிச்சம் சொசைட்டிக்கு. சொசைட்டிக்காரன் லீவு விட்டா அன்னைக்குப் பாலை உறை ஊத்தி, கடைஞ்சு, வெண்ணெயை உருக்கி வச்சிடும். அந்த நெய்யும் மதாம் வீட்டுக்குத்தான் போவும், அங்கேருந்து பொட்டியில ஏறி பாரீசுக்குப் போவும். நெய் பாரீசுக்கு, மோர் எங்களுக்கு. மத்த நாள்ல இந்த வீட்டுக்குன்னு மிஞ்சுறது கேனை அலசுன தண்ணிதான். அதுல கொஞ்சம் டீத்தூளைப் போட்டுக் கொதிக்க வச்சு என் மச்சாண்டார் சுப்பையன் கையில குடுக்கும். அந்த மனுஷனும் சாயங்காலம் வயல்லேருந்து வந்து, டீன்னு நம்பிக் குடிச்சிட்டு முட்டியைப் புடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு.

பாலுக்கு உழைக்கிற உழைப்பைச் சொன்னா எனக்கே மூச்சு வாங்கும். கோழி கூவறதுக்கு முன்னாடி சாணி அள்ளணும். வாய்க்கா கரையில புல்லு அறுத்துக் கட்டித் தலையில வச்சிக்கிட்டு வரணும். அறுப்பு மிஷின் வந்ததுலேருந்து வைக்கோல் எல்லாம் உருண்டை உருண்டையா லாரியில வெளியூருக்குப் போயிடுது, கெஞ்சிக் கூத்தாடித்தான் நமக்கு நாலு உருண்டை. கறந்து கறந்து அக்காவுக்கு வலது மணிக்கட்டு வீங்கிப்போய், பழைய வேட்டித் துணியைக் கிழிச்சுச் சுத்தியிருக்கும். ஒரு கல்யாணம், ஒரு காரியம்னு எங்கேயும் ராத்தங்குனது கிடையாது. சாயங்காலம் கறவைக்கு வந்தாவணும். "மாட்டை நான் கட்டல தமயந்தி, மாடுதான் என்னையக் கட்டிப் போட்டிருக்கு"ன்னு ஒருநாள் சொல்லுச்சு. சிரிச்சிக்கிட்டுத்தான் சொல்லுச்சு. ஆனா உட்கார்ந்த எடத்துலேருந்து எந்திரிக்க ரொம்ப நேரமாச்சு.

சரி, இவ்வளவு பாடுபட்டு அவ புள்ளைக்கு ஒரு டம்ளர் எடுத்து வைக்கக் கூடாதான்னு கேப்பீங்க. நானும் கேட்டேன், கேட்டுக் கேட்டு அலுத்தேன். அக்காகிட்ட ஒரு கிறுக்கு இருக்கு. பால்னு யாரு வந்து கேட்டாலும் 'பால் இல்ல'ன்னு அது வாயால வராது. மாட்டுக்காரி பால் இல்லன்னு சொன்னா, மாடு கேட்டுக்கிட்டு நிக்குமாம். மறுநாள் மடி வத்திடுமாம். அதனால வாடிக்கைக்காரங்க கூடுதலா ஒரு சொம்பு கேட்டாலும் சரி, பக்கத்துவீட்டுக்காரி சாமி கும்பிடக் கேட்டாலும் சரி, "இருக்கு, இருக்கு"ன்னு ஊத்தும். இருக்குன்னு சொன்னா எங்கேருந்தாவது எடுக்கணும் இல்ல? வீட்டுப் பங்குலேருந்துதான். ஊருக்கெல்லாம் இருக்குன்னு சொல்றதுக்கு, வீட்டுக்கு இல்லன்னு ஆவணும். அதை மட்டும் வாயால சொல்ல வேண்டியதில்ல பாருங்க, அப்படியே நடந்துடும்.

அவ ஒரே மவ சிவப்ரியா இப்படித்தான் வளந்தா. பூவத்துல கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை அன்பழகன் கம்பெனி வேலை, தங்கமான புள்ளை. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு போட்டு, தாய்வீட்டுக்கு அழைச்சிக்கிட்டு வந்தோம். வந்து எறங்குனவளை நல்லாப் பார்த்தேன். வயிறு மட்டும்தான் முன்னாடி வருது, மவ பின்னாடி எங்கயோ இருக்கா. கண்ணுக்குக் கீழ கருப்பு. கை வளையல் எல்லாம் முழங்கை வரைக்கும் ஏறி எறங்குது.

ஆஸ்பத்திரிக்கு நாந்தான் டிவிஎஸ் வண்டியில பின்னாடி உட்கார வச்சு மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனேன். அக்கா பஸ்ஸுல வந்துச்சு. நர்ஸம்மா சீட்டைப் பார்த்துட்டு, "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா, எடையும் ஏறல. இப்படியே இருந்தா பிரசவ நேரத்துல கஷ்டம். கீரை, முட்டை, பேரீச்சம்பழம், பருப்பு, பாலு, எல்லாம் குடுங்க"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு, "வீட்டுல மாடு இருக்கா?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டு இருக்குங்க"ன்னுச்சு அக்கா.

"அப்புறம் என்னம்மா? பாலுக்கா பஞ்சம்!"

அவங்க சும்மா சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னாங்க. அக்கா தலையைக் குனிஞ்சிக்கிச்சு. நர்ஸம்மா சொன்னது அஞ்சாறு. அதுல அக்கா காதுல விழுந்தது பால் ஒண்ணுதான். வெளியில வந்து வேப்பமரத்தடியில நின்னு என் கையைப் புடிச்சிக்கிச்சு. "தமயந்தி, இவ புள்ளை பெத்து ஊருக்குப் போற வரைக்கும் தெனம் ஒரு சொம்பு பால் இவளுக்கு. கடைசியா கறக்குற கெட்டிப் பால். யாரு வந்து கேட்டாலும் சரி. எனக்கு இவ ஒருத்திதான்."

"நீ சொல்லுறே, செய்யி பாப்போம்"னேன் நான்.

அப்ப ரெண்டு மாட்டுல செவலை சினையா இருந்து பால் வத்திப்போயிருந்த நேரம். கருப்பி ஒண்ணுதான் கறவை. அவ குடுக்குறதும் வழக்கத்தை விடக் குறைச்சல்தான். மறுநாள் காலையில கறந்ததும் கெட்டிப் பாலை ஒரு பித்தளைச் சொம்புல தனியா எடுத்து, தட்டைப் போட்டு மூடி வச்சிச்சு அக்கா. எனக்கு வேலி இடுக்கு வழியாப் பார்த்து மனசு குளுந்துச்சு. அதுக்குள்ள செல்லையன் ஆளனுப்பிட்டான். அன்னைக்கு சனிக்கிழமை, திருநள்ளாத்துக்கு வர்ற கூட்டம் விடியக்காலமே கடையில நிக்குது, இன்னும் கொஞ்சம் பால் வேணுமாம். அக்கா சொம்பைப் பார்த்துச்சு. வந்தவனைப் பார்த்துச்சு. "இருக்குப்பா"ன்னு சொல்லிச்சு. போச்சா!

அப்புறம் ஒருநாள் மதாம் வீட்டுல பாரீஸ்லேருந்து பேரன் செத்ரிக் வந்திருக்கான், காலையில பெரிய கிண்ணம் நிறைய பால் காப்பி குடிக்கிறான்னு போன். அந்தச் சொம்பும் வண்டியேறிச்சு. நான் சத்தம் போட்டேன். "ஏங்க்கா, அந்தப் பையனைப் பார்த்தா பால் இல்லாம சோந்து கெடக்குற மாதிரியா இருக்கு? வாசல் நெலை இடிக்கிற ஒசரம் இருக்கான்!" உள்ளேருந்து சிவப்ரியாதான், "விடுங்க சித்தி, எனக்கு ஒண்ணும் பால் மேல ஆசையில்ல"ன்னு சொன்னா. கையில கடுங்காப்பி.

இதுக்கு மேலயும் ஒண்ணு நடந்துச்சு. எங்க தெருவுல தெட்சிணாமூர்த்தின்னு ஒரு பெரியவர் தவறிட்டாரு. மறுநாள் சுடுகாட்டுல பால் தெளிக்கணும்னு அவரு மவன் விடியக்காலம் வேலிக்கு வெளியில வந்து நிக்கிறான். எழவு வீட்டுக்காரனுக்கு இல்லன்னு சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? கொண்டு போனான். சாம்பல் மேல தெளிச்சாங்க. நான் தலையில கையை வச்சிக்கிட்டுக் கொட்டகை வாசல்லயே உட்கார்ந்துட்டேன். "செத்தவருக்குப் பால் இருக்கு, பெத்துக்கப் போறவளுக்கு இல்ல. நல்லா இருக்குக்கா ஒன் நியாயம்." அக்கா மாட்டோட முதுகைத் தடவிக்கிட்டே நின்னுச்சு. கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா விழல.

பொறுக்க மாட்டாம நான் கடையில ஒரு பாக்கெட் பால் வாங்கியாந்து அடுப்புல வைக்கப் போனேன். எங்கேருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ! "கொல்லையில மாட்டை வச்சிக்கிட்டு பாக்கெட் பால் காய்ச்சுவியா? இந்த அடுப்புல ஏறக் கூடாதுடி அது!"ன்னு வெடுக்குனு புடுங்கி என் கையிலேயே திருப்பிக் குடுத்துடுச்சு. வீம்பு. தானும் குடுக்காது, அடுத்தவங்களையும் குடுக்க விடாது. நான் அதை எங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்து என் வீட்டுக்காரருக்குக் காப்பி போட்டேன். அந்த மனுஷன் "இன்னைக்கு என்ன விசேஷம்?"னு கேட்டாரு.

குறிச்ச நாளுக்கு முன்னாடியே சிவப்ரியாவுக்கு வலி எடுத்துடுச்சு. காலைக் கறவை நேரம். நானும், போன் போட்டதும் ஓடியாந்த மாப்பிள்ளையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஓடுனோம். அக்கா கறந்து, ஊத்திட்டு, கை கழுவிட்டுத்தான் பின்னாடியே வந்துச்சு. திட்டணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அது கறக்கலன்னா மாடு மடி கட்டிக்கிட்டுக் கத்தும், அதுவும் ஒரு சீவன்தானேன்னு முழுங்கிக்கிட்டேன்.

வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. பொம்பளைப் புள்ளை. சின்ன உருவம், குரல் மட்டும் ஊரைக் கூட்டுது. புள்ளைக்கு ஒண்ணும் பயமில்லன்னுட்டாங்க. தாய்க்குத்தான் ரத்தம் ஏத்தணும்னு சொன்னாங்க. மாப்பிள்ளையோட சிநேகிதப் பசங்க வந்து குடுத்தாங்க. கண்ணாடிக் கதவு வழியா அந்தச் செகப்புப் பை தொங்குறதைப் பார்த்துக்கிட்டே அக்கா தரையில உட்கார்ந்துச்சு. மணிக்கட்டுத் துணியை அவுத்து அவுத்துக் கட்டுது.

"எம் மவளுக்கு ஒடம்புல ரத்தம் இல்லன்னு ஊரான் புள்ளைங்க ரத்தம் குடுக்குறாங்க தமயந்தி. நான் ஊருக்கெல்லாம் பால் ஊத்துனேன்."

பக்கத்துல உட்கார்ந்து அந்தத் துணியை வாங்கி நானே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில கறந்து முடிச்சதும் அக்கா என்னைய வண்டியை எடுக்கச் சொல்லிச்சு. வழக்கம்போல கேனை மடியில வச்சிக்கிட்டுப் பின்னாடி உட்கார்ந்துச்சு. தலத்தெருவுல மதாம் வீட்டு வாசல்ல நிறுத்துனேன். ஆர்லெத் மதாம் பூப்போட்ட கவுனோட சொம்பை எடுத்துக்கிட்டு வந்தாங்க. அக்கா கேனைத் தொறக்கல. மூடியை அழுத்திப் புடிச்சிக்கிச்சு. அப்புறம் சொல்லிச்சு.

"மதாம்... இன்னைக்குப் பால் இல்லீங்க. இனிமே கொஞ்ச நாளைக்கு இல்லீங்க. எம் மவளுக்கு வேணும்."

எனக்கு வண்டி ஹேண்டில் வழுக்கிடுச்சு. இந்தச் சொல்லை அது வாயால கேப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல. அக்கா இடி விழப் போவுதுங்கற மாதிரி தோளைக் குறுக்கிக்கிட்டு நிக்குது.

"சிவப்ரியாவுக்கா? அட, குழந்தை பொறந்தாச்சா?" மதாமுக்கு மொகமெல்லாம் சிரிப்பு. "பால் இல்லன்னா என்ன மங்கை, ஃப்ரிஜ்ஜுல பாக்கெட் இருக்கு. செத்ரிக் வந்ததுலேருந்து வாங்கி வைக்கிறதுதான். அவனுக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல. நீ முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? மாசமா இருக்குற பொண்ணுக்கு இல்லாமயா எனக்குக் கொண்டாந்து ஊத்துனே?"

நல்ல மனுஷி. உள்ள போயி குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லா கொண்டாந்து குடுத்தாங்க. நம்ம ஊரு வெயில்ல கம்பளிக் குல்லா! அக்கா ரெண்டு கையாலயும் வாங்கிக்கிச்சு. வண்டியில ஏறுனோம். என் முதுகுல அக்கா மூச்சு சூடா படுது. கொஞ்ச தூரம் போனதும், "அவ்வளவுதானா?"ன்னு கேட்டுச்சு. என்னையக் கேட்ட மாதிரியும் இல்ல. ஒரு தடவை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும், அதுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம்னு நெனைச்சிருக்கும். எனக்குக் கண்ணு கலங்கி ரோடு சரியாத் தெரியல.

ஆஸ்பத்திரிக்குப் போவுற வழியில எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல ஒரு சொம்பு பாலைக் காய்ச்சி, சக்கரை போட்டு, ஃபிளாஸ்க்குல ஊத்திக்கிட்டோம். மிச்சம் பச்சையா கேன்லயே இருந்துச்சு. சிவப்ரியா சாஞ்சு உட்கார்ந்திருந்தா, மடியில புள்ளை. அன்னைக்குத்தான் அவளைக் கொஞ்சம் கொஞ்சமா ஆகாரம் எடுத்துக்கச் சொல்லியிருந்தாங்க. அக்கா டம்ளர்ல பாலை ஊத்தி ஆத்துச்சு. ஆத்தி ஆத்தி நுரை பொங்குது. மேல ஆடை மெதக்குது. பெருமையா நீட்டுச்சு. "குடிம்மா. கருப்பி பாலு. கெட்டிப் பாலு."

அவ வாங்கி வாய்கிட்ட கொண்டு போனா. ஒரு வாய் முழுங்குனா. அவ்வளவுதான், கொடலைப் பொரட்டிக்கிட்டு வந்துடுச்சு. தையல் போட்ட வயித்தைப் புடிச்சிக்கிட்டு ஓங்கரிக்கிறா, வலியில கத்துறா. நான் ஓடிப்போய் ஏனத்தை எடுத்து நீட்டுனேன். அக்கா டம்ளரோட அப்படியே நிக்குது.

"வேணாம்மா. அந்த வாசனையே ஆவல எனக்கு." கண்ணைத் தொடைச்சிக்கிட்டு, அம்மா மனசு நோவக் கூடாதேன்னு மெதுவாத்தான் சொன்னா. "பழக்கமே இல்லம்மா எனக்கு. கடுங்காப்பி இருந்தா குடேன்."

அக்கா டம்ளரைக் கீழ வச்சிச்சு. கேனைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு படி எறங்கிப் போவுது. கோவிச்சிக்கிட்டு எங்கயாவது கொட்டிடப் போவுதோன்னு நான் பின்னாடியே ஓடுனேன். கொட்டுற ஆளா அது? நேரா ஆஸ்பத்திரி வாசல்ல அஜ்மீர் பாய் டீக்கடைக்குப் போய் நின்னுச்சு. "பாய், பசும்பால் இருக்கு. இப்ப கறந்தது. வேணுமாங்க?" அஜ்மீர் பாய் மூடியைத் தொறந்து மோந்து பார்த்தாரு. பாக்கெட் வண்டி அன்னைக்கு இன்னும் வந்து சேரல போல. "குடுங்கம்மா, அல்லா அனுப்புன மாதிரி வந்தீங்க"ன்னு சட்டியில ஊத்திக் கொதிக்க வச்சாரு.

பெத்த மவளுக்குன்னு வாயைத் தொறந்து இல்லன்னு சொல்லிக் கொண்டாந்த பாலு, கடைசியில இதுவும் டீக்கடைக்குத்தானா! பால் பொங்கி வந்ததும் பாய் முதல் டீயை ஆத்தி அக்காகிட்ட நீட்டுனாரு. அக்கா குடிக்கல. ஒரு கையால மூடிப் புடிச்சிக்கிட்டு மறுபடியும் படியேறுச்சு. மூச்சு எரைக்குது, நடுப்படியில நின்னுச்சு, ஏறுச்சு.

"கடுங்காப்பி கிடைக்கல. டீதான் இருந்துச்சு. குடிச்சிப் பாரு"ன்னுச்சு மவகிட்ட.

சிவப்ரியா ஊதி ஊதிக் குடிச்சா. நான் ஏனத்தோட தயாரா நிக்கிறேன். ஒண்ணும் ஆவல. அடி வரைக்கும் குடிச்சிட்டு, "இது நல்லா இருக்கும்மா. எந்தக் கடை? சாயங்காலமும் ஒண்ணு வாங்கிட்டு வாயேன்"னு கேட்டா. அக்கா அந்தக் காலி கப்பை வாங்கி உள்ள எட்டிப் பார்த்துச்சு.

கேனை எடுக்கக் கடைக்கு வந்தப்ப, அக்கா பாலுக்கு வந்த காசுலேருந்து டீக்குக் காசை எடுத்து நீட்டுச்சு. அஜ்மீர் பாய் கையை மறிச்சாரு. "ஒங்க பால்தானேம்மா. ஒங்க மவளுக்கு ஒரு டீ. அதுக்குப் போய்க் காசா?"

"வாங்கிக்குங்க பாய்"ன்னுச்சு அக்கா, விடாம. "தெனம் ரெண்டு வேளை பால் கொண்டாரேன். ரெண்டு வேளை எம் மவளுக்குப் பால் தூக்கலா ஒரு டீ குடுங்க. காசை மட்டும் வாங்கிக்குங்க. அவ ஒங்களுக்கு வாடிக்கையா இருக்கட்டும். வாடிக்கைன்னாத்தான் அவளுக்கு இல்லன்னு சொல்ல மாட்டாங்க."